நோம்பிக்குக் கபடி வைப்பதா, கிரிக்கெட் வைப்பதா: எது நம் விளையாட்டு?

கொரங்காட்டான் கேட்டது:

வணக்கம். காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில், பெருஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மாரியம்மன் நோம்பிக்கு இன்னும் இரண்டு மாதம். பூச்சாட்டுவது முதல் கம்பம் பிடுங்குவது வரை என்ன நடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறெல்லாம் விளையாட்டில்தான். பெரியவர்கள் மின்னொளிக் கபடி வைக்க வேண்டும் என்கிறார்கள். அதுதான் மண்ணின் விளையாட்டாம், கிரிக்கெட் வெள்ளைக்காரன் விட்டுப்போனதாம். பையன்களோ டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கூட்டத்தில் ஒருவன் நேராகவே கேட்டுவிட்டான்: "கபடி நம் விளையாட்டு என்றால், நம் ஊரிலிருந்து ஏழு பேரை நிறுத்திக் காட்டுங்கள்." எண்ணிப் பார்த்தோம். நாலு பேர் தேறினார்கள். அதில் ஒருவருக்கு முட்டி போய்விட்டது. இன்னொருவன் நான், எனக்கு நாற்பத்து மூன்று வயது.

ஆனாலும் பெரியவர்கள் பேச்சுதான் நின்றது, தண்டனை எனக்கு வந்தது. நோம்பி மலரில் 'நம் பண்பாட்டின் கண்ணாடி கபடி' என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். நான் தேங்காய் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதுகிறவன். எழுதுகிறவன் என்றால் எதையும் எழுதுவான் என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்று வரி எழுதினேன்: மூச்சடக்கம், வீரம், ஒற்றுமை. நாலாவது வரி வரவில்லை. எனக்கு நினைவுக்கு வருவதெல்லாம் கிரிக்கெட்தான். எங்கள் கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், பள்ளி விட்டதும் ஆடுவோம். வெள்வேல மரம்தான் ஸ்டம்பு. பந்து கிளுவை வேலியைத் தாண்டினால் நாலு ரன் கிடையாது, அவுட். ஏனென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி நிலம். வரப்புத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம், பந்தெடுக்கப் போனால் பெரியப்பாவிடம் பேச்சு வாங்க வேண்டும். மேய்கிற மாட்டின் மேல் பட்டால் அந்தப் பந்து செல்லாது. காளையின் மேல் பட்டால் ஆட்டமே நின்றுவிடும், எல்லோரும் ஓடுவோம். இப்போது யோசித்தால், வெள்ளைக்காரன் விளையாட்டுத்தான் எங்கள் ஊரைப் போலவே இருந்திருக்கிறது.

கேள்வி இதுதான். ஒரு விளையாட்டு அதை ஆடுகிறவர்களின் பண்பாட்டைக் காட்டுகிறது என்பது உண்மையா? காட்டுகிறது என்றால் எதைக் காட்டுகிறது? மேடைப் பேச்சு வேண்டாம், அது என்னிடமே மூன்று வரி இருக்கிறது.


விசில் வாத்தியார் எழுதியது:

தம்பி, கோபி, அந்தியூர், பெருந்துறை வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் வேலையாக அந்தக் 'கண்ணாடி'யை அடித்துவிடுங்கள். குணத்தைத் தேடிப் போனால் எந்த விளையாட்டிலும் எந்தக் குணமும் கிடைக்கும். ஒற்றுமை கபடியிலும் உண்டு, கயிறு இழுப்பதிலும் உண்டு. நான் பார்த்தவரை ஒரு விளையாட்டு முதலில் காட்டிக்கொடுப்பது, அந்த ஊரில் யாருக்கு எந்த நேரத்தில் கை ஓய்ந்திருந்தது, எந்த நிலம் சும்மா கிடந்தது என்பதைத்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்கால்தான் கடிகாரம். தண்ணீர் திறந்தால் எல்லாரும் வயலில், அடைத்து வெள்ளாமை வீடு வந்தால் எல்லாரும் களத்துமேட்டில். அறுப்பு முடிந்த களம் வெறுமனே கிடக்கும், நிலாவெளிச்சம் காசில்லாமல் கிடைக்கும். காலால் கோடு கிழித்தால் ஆட்டம் தொடங்கிவிடும். கபடிக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதற்குக் கட்டாயம் வேண்டிய ஒன்றை யாரும் சொல்வதில்லை: தினமும் ஒரே நேரத்தில் வந்து சேரும் அதே ஏழு பேர். பாடிப் போகிறவனுக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பது பிடி. கார்னரில், அதாவது ஓரத்தில், நிற்பவன் காலைப் பிடித்த அதே நொடியில் கவரில், அதாவது உள்பக்கம், நிற்பவன் வந்து மோத வேண்டும். அரை நொடி பிந்தினால் வந்தவன் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அந்த அரை நொடியை எந்தப் பயிற்சியாளரும் வாயால் சொல்லித் தர முடியாது. பக்கத்தில் நிற்பவனின் தோள் அசைவதை ஒரு வருடம் பார்த்திருந்தால் தானாக வரும்.

பிறகு விசைத்தறி வந்தது, திருப்பூருக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஒருவன் பகல் ஷிப்டு, அவன் தம்பி இரவு ஷிப்டு. ஏழு பேர் சேர்வதற்கு ஞாயிறு மட்டும்தான். வாரம் ஒரு நாள் ஆடும் கபடியில் எலும்புதான் முறியும். என் மாணவர்களில் நல்ல கார்னர் ஆட்டக்காரன் ஒருவன் அப்படித்தான் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டான். கிரிக்கெட் இந்த விஷயத்தில் தாராளம். தாமதமாக வந்தவனை வேலியோரம் நிறுத்திக்கொள்ளலாம், கடைசியில் மட்டையைக் கொடுக்கலாம். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத பதினோரு பேர் ஞாயிறு முழுக்க ஆடிவிட்டுப் போகலாம். தேனிக்காரரும் ஒடிசாக்காரரும் ஒரே கம்பெனியில் தைக்கிற ஊருக்கு அது எவ்வளவு வசதி!

இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர்களிலும் இதே கதைதான். 1850ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களும் இளம் தொழிலாளர்களும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் போய்விட்டால் ஆலையும் நிற்க வேண்டியதுதான். அங்கே கால்பந்து சனிக்கிழமை மூன்று மணி ஆட்டமாக வேர்விட்டது இப்படித்தான். 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, பணக்காரப் பள்ளியின் பழைய மாணவர்களான ஓல்டு ஈட்டோனியன்ஸ் அணியை இறுதியாட்டத்தில் 2-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. பிளாக்பர்ன் பருத்தி நெசவு ஊர். அணியில் தறிக்காரர்கள் இருந்தார்கள். ஆங்கிலேயரின் போர்க்குணம் என்று அதைப் பற்றி என்னென்னவோ சொல்லலாம். என் கண்ணுக்கு அது சனிக்கிழமைப் பிற்பகல். நம் திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்.

ஆடும் விதத்தில் ஊர் தெரியும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். லேசான பந்து, பக்கத்திலேயே எல்லைக்கோடு; கொஞ்சம் எழும்பினாலும் பந்து யார் வீட்டு ஓட்டின் மேலோ போய் விழும். பந்து வீசுகிறவன் பிழைக்க ஒரே இடம் மட்டைக்காரனின் கால்விரல். அந்த யார்க்கரை வைத்துக்கொண்டுதான் 2020ஆம் ஆண்டு கடைசியில் வலைப் பயிற்சிக்குப் பந்து வீசுகிறவராக ஆஸ்திரேலியா போனார். அதே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பினார்.

உங்கள் வேலி விதிதான் இந்தத் திரியிலேயே நல்ல சரக்கு. பப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோப்ரியாண்டு தீவுகளில், சண்டையை மறக்கட்டும் என்று பாதிரிமார் கிரிக்கெட் சொல்லிக் கொடுத்தார்கள். தீவுக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு பிரித்துத் தைத்துவிட்டார்கள். பதினோரு பேர் என்ற கணக்கு போனது. வந்தவர்கள் எல்லாரும் ஆடலாம். ஈட்டி எறிவது போலப் பந்தை எறிவார்கள். ஒருவர் அவுட்டானால் அணி முழுக்க நடனம். முடிவில் விருந்து வைக்கிற ஊர்தான் ஜெயிக்க வேண்டும், அதுவும் அதிக வித்தியாசத்தில் ஜெயித்துவிடக் கூடாது. நம் பக்கத்து நடுவர்கள் சிலர் அங்கே போய்ப் பயிற்சி எடுத்தவர்களோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.


சீமைவாசி எழுதியது:

வாத்தியார் ஐயா எல்லாவற்றையும் ஷிப்டில் கொண்டுபோய் முடித்துவிட்டார். அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் தனியாகப் போனதுதான் கபடி. பல்லாயிரம் ஆண்டு விளையாட்டைப் பஞ்சாலையோடு சேர்த்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.


விசில் வாத்தியார் எழுதியது:

அபிமன்யு கதையை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் நன்றாகக் கேட்பார்கள். ஆனால் அபிமன்யு திரும்பி வரவில்லை ஐயா. கபடியில் திரும்பி வந்தால்தான் புள்ளி.

இன்று ஆடும் விதிகளை 1920களில் மராட்டியத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். அகில இந்திய சம்மேளனம் 1950இல் வந்தது. அதற்கு முன் ஊருக்கு ஒரு மாதிரி. சிறுவயதில் நான் ஆடியதில் செத்தவன் செத்தவன்தான். அணி முழுக்கப் போன பிறகுதான் எழுந்து வரலாம். அதைக் காமினி முறை என்பார்கள். எதிராளி ஒருவனை வெளியேற்றினால் நம்மில் ஒருவன் உயிர்த்து வருவது சஞ்சீவினி முறை, அதுதான் நிலைத்தது. பாடுவதும் அப்படித்தான். 'சடுகுடு' என்று தொடங்கி ஒவ்வொரு ஊரும் தன் பாட்டைப் பாடும், எதிரூரைக் கேலி செய்யும், மாமன் மச்சான் முறை வைத்து வம்பிழுக்கும். பண்பாடு என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பாட்டில்தான் இருந்தது. இப்போது காஷ்மீர் முதல் குமரி வரை 'கபடி கபடி'தான். எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. பாட்டு நீண்டால் பாடுகிறவன் நடுவில் மூச்சு வாங்கினானா என்று கண்டுபிடிக்க முடியாமல் நடுவர் அடி வாங்கிய இரவுகள் உண்டு. அடி வாங்கியவன் சொல்கிறேன்.


நூல்கண்டு எழுதியது:

கொரங்காட்டான் அண்ணா, ஏழு பேர் தேறவில்லை என்றீர்கள். உங்கள் ஊர்ப் பெண்களை எண்ணினீர்களா?

நான் உடுமலைப் பக்கம். அரசுப் பள்ளியில் படித்தபோது கபடியில் குறுவட்டம் தாண்டி மாவட்டம் வரை ஆடினேன், இடது கார்னர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு நூற்பாலையில் சேர்த்துவிட்டார்கள். மூன்று ஆண்டு விடுதியில் இருந்தேன். விடுதி வாசலில் ஒரு வலை கட்டியிருந்தார்கள். எறிபந்துக்கு மட்டும். ஷிப்டு முடிந்து அரை மணி நேரம் ஆடலாம். கபடி ஆடலாமா என்று விடுதிக் காப்பாளரிடம் கேட்டேன். "கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளைகள், கை கால் போனால் யார் பொறுப்பு?" என்றார். பெண்களுக்கு எறிபந்து ஏன் இத்தனை பள்ளிகளில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நடுவில் வலை இருக்கிறது, யாரும் யாரையும் இடிக்க வேண்டியதில்லை.

வாத்தியார் ஐயா சொன்ன பஞ்சாலைக் கதைக்கு என்னிடமும் ஒன்று இருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெண்கள் பிரிவில் சோவியத் அணியை வென்று ஜப்பான் தங்கம் வாங்கியது. அந்த அணியில் பெரும்பாலானோர் ஒசாகாவுக்குப் பக்கத்தில் கைசூக்கா என்ற ஊரில் ஒரு நூற்பாலையின் ஊழியர்கள். பகலில் வேலை, அதன்பின் நள்ளிரவு தாண்டியும் பயிற்சி. பயிற்சியாளர் தாய்மாத்சு பந்தை எறிந்துகொண்டே இருப்பார். இவர்கள் தரையில் பாய்ந்து பந்தை எடுத்து, உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்க வேண்டும். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜப்பானியக் கட்டுப்பாடு, ஜப்பானிய மன உறுதி என்று புகழ்கிறார்கள். எனக்கு அது விடுதியாகத்தான் தெரிந்தது. ஒரே கூரைக்கு அடியில் தூங்கும் பெண்கள், வெளியே போக வழியில்லாத மாலைகள், மறுத்துப் பேச முடியாத ஒரு ஆள். அணித் தலைவி கசாய்க்குத் தங்கம் வாங்கிய பிறகு அந்நாட்டுப் பிரதமரே முன்னின்று வரன் பார்த்துக் கொடுத்தாராம். அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். டோக்கியோ ஆனால் என்ன, தாராபுரம் ஆனால் என்ன!

ஆடும் விதத்தில் ஊர் தெரியும் என்பது கபடியிலேயே உண்டு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈரான் ஆண்கள் அரையிறுதியில் இந்தியாவைத் தோற்கடித்தார்கள். ஈரான் மல்யுத்த நாடு. பிடித்த காலை விடமாட்டார்கள். ஃபசல் அத்ராச்சலி நிற்கும் கார்னரை ஒருமுறை பார்த்தால் தெரியும். அதே போட்டியின் பெண்கள் இறுதியாட்டத்திலும் ஈரான் 27-24 என்று இந்தியாவை வென்றது. தலைமறைப்போடு, உடம்பு முழுக்க மூடிய உடையில் ஆடினார்கள். பயிற்சி கொடுத்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். இதில் எது யாருடைய பண்பாடு என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள், கபடி ஆடுகிறாள். முட்டியில் சிராய்ப்போடு வந்தால் என் மாமியார்தான் மஞ்சள் பற்றுப் போடுகிறார். ஆடும் படத்தை உறவுக்காரர்களுக்கு அனுப்பாதே என்று சொல்வதும் அவரேதான்.


தறிச்சத்தம் எழுதியது:

அக்கா கேட்டது போல நானும் ஒன்று கேட்கிறேன். நாலு பேர் என்று எண்ணினீர்களே, எந்தத் தெரு வரைக்கும் போய் எண்ணினீர்கள்?

கபடி தொட்டு ஆடும் விளையாட்டு. தொட்டால் புள்ளி, கட்டிப் பிடித்தால் புள்ளி. எங்கள் ஊரில் என் அப்பா காலத்தில் ஊர் அணி ஒன்று, காலனி அணி ஒன்று. இரண்டும் ஒருநாளும் ஒன்றை எதிர்த்து ஒன்று ஆடியதில்லை. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா நன்றாகப் பாடுவார், உயரம் குறைவு, நழுவிக்கொண்டு வந்துவிடுவார். ஒருமுறை ஊர் அணிக்குத் தூரத்து ஊரில் இறுதியாட்டம், பாடுகிறவனுக்குக் காய்ச்சல். அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது என்பதால் அப்பாவைக் கூட்டிப் போனார்கள். ஆறு பேர் அவரோடு கைகோத்து நின்றார்கள். ஜெயித்தார்கள், பரிசு ஒரு கிடாய். திரும்பும் வழியில் நம் பக்கத்து எல்லைக்குள் வந்ததும் டீ குடிக்க நிறுத்தினார்கள். அப்பாவுக்கு மட்டும் தனிக் குவளை. "கிடாய்க் கறியும் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பினார்கள், பந்திக்குக் கூப்பிடவில்லை" என்று அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

பம்பாயில் பல்வாங்கர் பாலூ என்று ஒரு சுழல்பந்து வீச்சாளர் இருந்தார், தலித். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். அவருக்கும் புனேயில் இந்துக்கள் அணிக்கு ஆடிய தொடக்க நாட்களில் தேநீர் வெளியே, தனிக் குவளையில்தான். இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள், ஐரோப்பியர் என்று மத வாரியாக அணி பிரித்து ஆடிய காலம் அது. பாலூவைக் கடைசிவரை தலைவர் ஆக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல் தலைவரானார்.

வாத்தியார் ஐயா, ஷிப்டு மாறியதால் கபடி போனது என்கிறீர்கள். எங்கள் தெருவில் போகவில்லை. நாங்களும் அதே ஷிப்டில் அதே தறிதான் ஓட்டுகிறோம்.


விசில் வாத்தியார் எழுதியது:

தறிச்சத்தம் தம்பிக்கு: நீங்கள் சொல்வது சரி. பள்ளி அணியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் ஆடினார்கள், நான் அப்படித்தான் நிறுத்தினேன். பள்ளி முடிந்ததும் அவர்கள் எந்த அணிக்குப் போனார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.


கொரங்காட்டான் எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். போய் எண்ணிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் காலனியில் மூன்று பையன்கள் கல்லூரி அணிக்கு ஆடுகிறவர்கள். இரண்டு வருடமாக வேறொரு ஊரின் பெயர் போட்ட பனியனில் ஆடி வருகிறார்கள். அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் எனக்கு இது தெரியாது. "நோம்பிக்கு ஆட வருகிறீர்களா?" என்று கேட்டேன். மூத்தவன் யோசித்துவிட்டு, "கபடிக் குழி எங்கே போடப்போகிறீர்கள் அண்ணா, கோவில் முன்னாலா, பள்ளிக்கூடத்திலா?" என்றான். அந்தக் கேள்வி எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தில் பள்ளி மைதானம் என்றேன். ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுச் சரி என்றார்கள். சனிக்கிழமை இரவு கபடி, ஞாயிறு பகலில் கிரிக்கெட். வேலி விதியோடு. பெண்கள் ஆட்டம் பற்றியும் கேட்டேன் நூல்கண்டு அம்மணி. ஊரில் ஐந்து பேர் இருக்கிறார்கள், பக்கத்து ஊரில் கேட்டால் ஏழு சேரும். "பார்க்கலாம்" என்றார்கள். நம் பக்கம் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும்.

மலருக்கு எழுதியும் கொடுத்துவிட்டேன். வேலியையும், எண்ணப் போன கதையையும் எழுதினேன். 'வீரம்' எங்கே என்று கேட்டார்கள். ஓரிடத்தில் சேர்த்தேன்.

வாத்தியார் ஐயா, எங்கள் பக்கம் சரளை மண். ஆடுகளம் எப்படிப் போடுவது?


விசில் வாத்தியார் எழுதியது:

ஆண்களுக்குப் பதின்மூன்று மீட்டருக்குப் பத்து. அரை அடி ஆழம் வெட்டிச் சரளையை முழுக்க அள்ளிவிடுங்கள். சலித்த செம்மண்ணோடு தேங்காய் நார்க்கழிவு கலந்து நிரப்புங்கள். உங்கள் ஊரில் அது விலைக்கு வாங்க வேண்டியதாக இருக்காது. இரண்டு நாள் முன்னதாகவே தண்ணீர் தெளித்து நடந்து இறுக்குங்கள். அதிகம் இறுகினால் முட்டி போகும், உங்கள் ஊரில் ஏற்கனவே ஒன்று போயிருக்கிறது. சுற்றிலும் நாலடி வெறுமனே இருக்கட்டும், பார்க்கிறவர்கள் கோட்டின் மேலேயே உட்காருவார்கள். எடைப் பிரிவு வைத்தால் அரிசி ஆலைத் தராசைக் கேட்டு வாங்கிக் காலையிலேயே எடை போட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் விடியும்வரை பஞ்சாயத்துதான்.

பெண்களுக்குப் பன்னிரண்டுக்கு எட்டு. அந்தக் கோட்டையும் உள்ளேயே போட்டு வையுங்கள். சுண்ணாம்பு ஒரு பை கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.